இரண்டாவது கார்டு

நவம்பர் 27, வியாழன்

மார்கழி பிறக்க இன்னும் பத்தொன்பது நாள். அதன்பிறகு தை வரைக்கும் சேலத்தில் ஒரு கல்யாணமும் கிடையாது. முப்பத்தோரு வருடமாக இந்த ஒரு மாதத்தை லென்ஸ் துடைத்தும் பழைய ஆல்பங்களுக்குப் பூஞ்சை எடுத்தும் கடத்தியிருக்கிறேன். இந்த வருடம் சும்மா இருப்பதாக இல்லை.

யோசனை ரெஜினாவுடையது. ஆறு வருடமாக என் ஸ்டுடியோவில் படம் எடுக்கிறாள், பிரிண்ட் போடுகிறாள். சென்னையில் அடுத்த வாரம் ஏதோ 'கான்' நடக்கிறதாம். கார்ட்டூனிலும் கம்ப்யூட்டர் விளையாட்டிலும் வருகிற ஆட்களைப் போல வேஷம் கட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கான பேர் மூன்று நாள் ஓர் அரங்குக்குள் சுற்றுவார்களாம். யாரும் கூலி கொடுத்துக் கூப்பிடவில்லை. சொந்தக் காசில் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

"ஒரு வேஷத்துக்கு நாலு மாசம் உழைப்பாங்கண்ணா. செல்போன்ல எடுத்த படம் அவங்களுக்குப் பத்தாது. நம்ம லைட்டைப் போட்டு எடுத்து, பத்து நிமிஷத்துல பிரிண்ட் கையில குடுத்தா வரிசையில நிப்பாங்க."

"கல்யாண மாப்பிள்ளையும் வேஷம்தானம்மா கட்டறான்."

"இவங்க இஷ்டப்பட்டுக் கட்டறாங்கண்ணா" என்றாள்.

கடை போட ஓர் இடம் பதிவு செய்தாயிற்று. வீட்டில் அம்சாவிடம் சொன்னேன். "பேய் பிசாசெல்லாம் படம் புடிக்கப் போறீங்களா?" என்றாள். வாட்டர் ஹீட்டர் ரிப்பேர். ஆள் வருவதாகச் சொல்லி வரவில்லை.

டிசம்பர் 5, வெள்ளி, சென்னை

காலை பத்து மணிக்குள் முதல் தவறைச் செய்துவிட்டேன். முதுகில் கறுப்புச் சிறகு வைத்த ஒருவன் வந்து நின்றான். மாப்பிள்ளைகளைத் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்திப் பழகிய கை. பிடித்துத் திருப்பினேன். சிறகு என் கையோடு வந்துவிட்டது.

அவன் கோபப்படவில்லை. பையிலிருந்து பசை எடுத்து ஒட்டிக்கொண்டே, "பரவால்ல சார், புதுசா வந்திருக்கீங்க போல" என்றான். தினேஷ் பிரபுவாம், ஓசூரில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவனாம்.

ரெஜினா என்னை ஓரமாகக் கூப்பிட்டு மறுபடி பாடம் நடத்தினாள். கேட்காமல் எடுக்கக் கூடாது. தொடக் கூடாது. முகமூடியைக் கழற்றச் சொல்லக் கூடாது. யாராவது தானாகக் கழற்றினாலும் கேமராவை இறக்கிவிட வேண்டும். கழற்றிய நேரத்தில் அவர் வேஷம் இல்லை, வெறும் ஆள்.

மதியம் ஒரு கூட்டம் நகர்ந்து வந்தது. நடுவில் ஏழடி உயரத்துக்கு ஒரு வெள்ளிக் கவசம். இரண்டு கொம்பு வைத்த ஹெல்மெட், முகத்தில் கறுப்புக் கண்ணாடி. ஏதோ விளையாட்டில் வரும் படைத்தலைவியாம், பெயர் ஸரோக்கா. யோகா பாயை வெட்டி ஒட்டி வெள்ளி பெயின்ட் அடித்தது என்று ரெஜினா சொல்லித்தான் நம்பினேன். அரங்கில் பாதிப் பேர் அதன் பின்னால்தான் நடந்தார்கள். இந்தக் கவசம் என் கடை முன்னால் நின்றால் எனக்கு வேறு போர்டே வேண்டாம் என்று அந்த நிமிஷமே கணக்குப் போட்டேன்.

"இங்க எங்கயாச்சும் ஃபேன் இருக்கா சார்?" என்றது கவசம். பெண் குரல்.

கடைக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்டி ஆறடிக்கு ஆறடி இடம் ஒதுக்கி வைத்திருந்தோம். பிரிண்டர் சூட்டுக்காக டேபிள் ஃபேனும் இருந்தது. காட்டினேன்.

"நீங்க முன்னால நில்லுங்க. களைச்சாப் பின்னால வந்து உக்காருங்க. எத்தனை படம் வேணாலும் இலவசம்."

"எனக்குப் படமே வேணாம் சார். மணிக்கு ஒரு தரம் பத்து நிமிஷம் ஹெல்மெட்டைக் கழட்டணும். யாரும் பாக்கக் கூடாது, அவ்ளோதான். உள்ள கேமரா வரக் கூடாது."

"நான் பொறுப்பு" என்றேன். கல்யாண வீடுகளில் என் வாயில் தானாக வருகிற வார்த்தை அது.

டிசம்பர் 6, சனி

ஸரோக்காவின் பெயர் தமயந்தி. முப்பத்து மூன்று வயது இருக்கும். சென்னையில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர், பதினோரு வருடமாக. காலையில் டீ கொண்டுபோய் வைத்தபோது அவளே சொன்னாள்.

"நேத்து வெள்ளிக்கிழமை ஆச்சே, ஸ்கூல் இல்லையா?"

"காய்ச்சல்னு லெட்டர் குடுத்திருக்கேன் சார்" என்று கண்ணடித்தாள். "எங்க ஸ்கூல்ல தலையில ரெண்டு முழம் பூ கூட வெச்சுட்டு வரக் கூடாது. தாளாளருக்குப் புடிக்காது. இதைப் பாத்தா அவருக்கு நெஞ்சு வலியே வந்துரும். வேலையும் போயிரும்."

பதினோரு மணிக்கு நாலைந்து பையன்கள் வந்து அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எட்டாவது படிப்பவர்கள். அடுத்த ஆள் வரும்வரை அங்கேயே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள், கவசத்துக்கு ஒரு முழம் தள்ளி.

"திங்கக்கிழமை மேத்ஸ் டெஸ்ட் இருக்காடா?"

"தமயந்தி மிஸ்ஸுக்குக் காய்ச்சலாம். வராது."

"வரும்டா. அது செத்தாக்கூட டெஸ்ட் வெச்சுட்டுத்தான் சாவும்."

கவசம் அசையவில்லை. கையிலிருந்த ஈட்டி மட்டும் லேசாக ஆடியது. பையன்கள் போகும்போது ஒருவன், "அக்கா, செம கெத்து!" என்று அதற்கு வணக்கம் வேறு வைத்துவிட்டுப் போனான்.

அவள் நேராகப் பின்பக்கம் போனாள். கேமராவுக்குப் புது மெமரி கார்டு எடுக்க நானும் போனேன். துணி முழுக்க மூடவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் ஃபோம் அழுத்திய கோடு. முடி வியர்வையில் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. மேலே இரண்டு ஃபிளெக்ஸுக்கு நடுவிலிருந்த சந்தில் வெளிச்சம் இறங்கி, வெள்ளிக் கவசத்தில் பட்டு, கீழிருந்து முகத்துக்கு ஏறியது. அந்த மாதிரி வெளிச்சத்தை நான் எந்த மண்டபத்திலும் போட்டதில்லை. போடவும் தெரியாது.

எடுத்துவிட்டேன். ஒன்றே ஒன்று.

ஷட்டர் சத்தத்துக்குச் சிரிப்பு நின்றது. "எடுத்தீங்களா சார்?"

"லைட் பாத்தேம்மா."

"அழிச்சிருங்க சார். ப்ளீஸ்."

அவள் கண் முன்னாலேயே அழித்தேன். திரையைத் திருப்பிக் காட்டினேன். தேங்க்ஸ் சார் என்றாள். டீயைக் குடித்தாள்.

கல்யாண வேலைக்காரன் கேமராவில் எப்போதும் இரண்டு கார்டு இருக்கும். ஒன்று கெட்டாலும் தாலி கட்டுகிற படம் போய்விடக் கூடாது என்று எல்லாம் இரண்டிலும் பதிவாகும். நான் அழித்தது முதல் கார்டில். அழிச்சிருங்க என்றாள், அழித்தேன். இதில் பொய் ஒன்றும் இல்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

நல்ல கூட்டம். காலில் வீக்கம். தமயந்தி மூன்றாம் நாளும் வந்து நின்றாள். போகும்போது போன் நம்பரை மாற்றிக்கொண்டோம். என் கையைக் குலுக்கி, "அடுத்த வருஷமும் வாங்க சார்" என்றாள்.

டிசம்பர் 9, செவ்வாய், சேலம்

இரண்டாவது கார்டைப் பெரிய மானிட்டரில் போட்டுப் பார்த்தேன்.

என்னைப் பற்றி எனக்குத் தெரியும். பதினாறு வயதில் லேபில் பிரிண்ட் கழுவ வந்தவன். வியாபாரம் தெரியும், வேலை சுத்தமாக இருக்கும், சொன்ன தேதியில் ஆல்பம் போகும். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. என் ஆல்பத்தைப் பார்ப்பவர்கள் மாமாவைத் தேடுவார்கள், அத்தையைத் தேடுவார்கள், தங்கள் மூஞ்சியைத் தேடுவார்கள். படத்தை யாரும் பார்த்ததில்லை.

இந்தப் படத்தை நானே அரை மணி நேரம் பார்த்தேன். சாப்பாடு கொண்டுவந்த அம்சா என் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"யாருங்க இது? ரொம்ப நாளைக்கப்புறம் சிரிக்கிறவ மாதிரி இருக்கா."

"ஒரு கஸ்டமர்."

"நீங்களா எடுத்தது?" என்றாள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கேட்கிறாள்.

டிசம்பர் 13, சனி

மார்கழிக்கு முன்னால் கடைசி முகூர்த்தங்கள். நாளை இரண்டு மண்டபம். இன்று பேட்டரி எல்லாம் சார்ஜ் போட்டேன்.

இருபதாம் தேதி கோயம்புத்தூரில் இதே மாதிரி ஒரு கான். இடம் பிடித்தாயிற்று. தமயந்தி படத்தை ஆறுக்கு நாலில் கேன்வாஸில் போட்டுக் கடை முகப்பில் வைக்கப்போகிறேன். ரெஜினாவிடம் சொன்னதும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"அண்ணா, அதுல ஹெல்மெட் இல்ல. அவங்க அழிக்கச் சொன்னதுதானே இது?"

"கோயம்புத்தூர்ல அவளை யாருக்கும்மா தெரியும்?"

எங்கள் தொழிலில் இது பழைய வழக்கம். சேலத்துக் கல்யாணப் பெண்ணின் ஆல்பத்தைச் சேலத்தில் சாம்பிள் காட்டக் கூடாது, நாமக்கல்லில் காட்டு. நாமக்கல் பெண்ணைத் தர்மபுரியில் காட்டு. முப்பது மைல் தாண்டினால் முகத்துக்குப் பெயர் கிடையாது. இத்தனை வருடத்தில் ஒரு வீட்டிலிருந்தும் எனக்குச் சண்டை வந்ததில்லை.

"இவங்க வேற கூட்டம்ணா..." என்று ஆரம்பித்தாள்.

"எந்தக் கூட்டமா இருந்தா என்ன, ஊர் ஊர்தான். சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் முந்நூறு மைல்."

"அப்ப ஒரு வார்த்தை அவங்களைக் கேட்டுருங்க."

கேட்கிறேன் என்றேன். இரண்டு தடவை போனைக் கையில் எடுத்தேன். கேட்டால் வேண்டாம் என்பாள். அப்புறம் கேட்டதற்கு அர்த்தம் இல்லை.

டிசம்பர் 17, புதன்

கேன்வாஸ் வந்தது. கண்ணிமை மயிர் தனித்தனியாகத் தெரிகிறது. வாட்டர் ஹீட்டர் சரியாகிவிட்டது.

டிசம்பர் 20, சனி, கோயம்புத்தூர்

திறந்து பத்து நிமிஷத்தில் கறுப்புச் சிறகு தினேஷ் பிரபு வந்து நின்றான். "சார்! இங்கயும் வந்துட்டீங்களா!" அவன் பின்னாலேயே சென்னையில் பார்த்த பச்சை முடிக்காரி, மரக்கை வைத்தவன், இரட்டைப் பூனைகள். நாற்பது ஐம்பது பேர் அதே ஆட்கள். ரயிலில் கவசத்தை மேல் பர்த்தில் கட்டிப் போட்டுக்கொண்டு ஊர் ஊராக வருகிறார்களாம். பழைய வாடிக்கையாளர் திரும்பி வருவது எந்தத் தொழிலிலும் நல்ல சகுனம் என்று சந்தோஷப்பட்டேன்.

படத்துக்கு முன்னால் ஆள் நின்றபடி இருந்தார்கள். பெரும்பாலானோர் போனை எடுத்து அதைப் படம் எடுத்துக்கொண்டார்கள். பச்சை முடிக்காரி மட்டும் எடுக்கவில்லை.

"இவங்களைக் கேட்டீங்களா சார்?"

"கேக்காம வைப்பனாம்மா?"

மூன்று மணிக்கு நான் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் ரெஜினா படத்தை இறக்கிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அதற்குள் விழா நடத்துகிறவர்களில் ஒருவர், போட்டோ தெரிந்தவர், இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"காலைல இங்க ஒரு படம் இருந்ததே, அது யார் எடுத்தது?"

"நான்" என்றேன்.

திருப்பிக் காட்டினேன். மூவரும் கிட்ட வந்து பார்த்தார்கள். "பிரமாதம்ங்க" என்றார் அவர். படத்தை மறுபடி மேலே மாட்டினேன். சாயங்காலம் வரை இருந்தது.

டிசம்பர் 21, ஞாயிறு

இன்றும் மாட்டினேன். ரெஜினா முழு நாளும் பிரிண்டர் பக்கமே இருந்துகொண்டாள். தமயந்தியிடமிருந்து ஏழு மிஸ்டு கால். சத்தத்தில் கேட்கவில்லை.

கேட்டது. கூட்டமாக இருந்தது.

டிசம்பர் 22, திங்கள், சேலம்

மத்தியானம் நானே கூப்பிட்டேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்துக் காதைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தேன். கத்தவில்லை.

"அழிச்சீங்கன்னு நெனச்சேன் சார்."

"இன்னொரு கார்டுல இருந்திருக்கும்மா. கவனிக்கல."

அவள் அதைக் கிளறவில்லை. கோயம்புத்தூரில் யாரோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட, அவளுடைய மாணவன் ஒருவனின் அண்ணன் பார்க்க, ஞாயிறு மத்தியானத்துக்குள் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்துவிட்டதாம். தாளாளர் காலையில் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்.

"நான் இல்லைன்னு சொல்லிட்டேன் சார். இது ஏ.ஐ. சார், கம்ப்யூட்டர் செஞ்ச மூஞ்சி, இப்பல்லாம் யார் மூஞ்சியை வேணாலும் இப்படிச் செய்யறாங்கன்னு சொன்னேன். முக்காவாசி நம்பிட்டாரு. அந்த லைட்டைப் பாத்தாலே நிஜம் மாதிரி இல்லைன்னு அவரே சொன்னாரு."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"நாளையோட ஸ்கூல் முடிஞ்சு லீவு. பத்து நாள்ல மறந்துருவாங்க. அப்பாவைப் பாத்துக்கறது நான் ஒருத்தி சார், எனக்கு இந்த வேலை வேணும். உங்ககிட்ட சண்டை போட வரல. ஒண்ணே ஒண்ணு. யார் கேட்டாலும் நீங்க எதுவும் பேசாதீங்க. அவ்ளோதான் கேக்கறேன்."

"சரிம்மா" என்றேன்.

வைத்தபிறகு மானிட்டரில் படத்தைத் திறந்து பார்த்தேன். நிஜம் மாதிரி இல்லையாம். கம்ப்யூட்டர் செய்ததாம். கழுத்தில் வியர்வை இறங்கிய தடம் தெரிகிறது. அதைக் கம்ப்யூட்டர் செய்யுமா?

டிசம்பர் 23, செவ்வாய், சென்னை

விடிகாலை ரயிலைப் பிடித்து அவள் பள்ளிக்கே வந்துவிட்டேன். யோசித்துப் பார்த்ததில், ஒரு பெண் என் தவறுக்காகப் பொய் சொல்லிக்கொண்டு நிற்பது சரியில்லை என்று பட்டது. எத்தனையோ கல்யாண வீட்டுத் தகராறைப் பார்த்திருக்கிறேன். போனில் பேசினால் வளரும். நேரில் போய் எதிரில் உட்கார்ந்து, ஆமாம், என் தப்புதான் என்றால் எந்தச் சம்பந்தியும் இறங்கி வந்துவிடுவார். அப்படித்தான் இதையும் நினைத்தேன். லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டேன்.

தாளாளர் வெள்ளை வேட்டி சட்டை, நெற்றியில் ஒற்றைக் கீற்றுச் சந்தனம். மரியாதையான மனிதர். மோர் வரவழைத்துக் கொடுத்தார்.

"சொல்லுங்க, சேலத்துலேர்ந்து இவ்ளோ தூரம்?"

"அந்தப் படம் விஷயமாங்க. அந்தம்மா மேல தப்பே இல்லைங்க. அழிக்கச் சொன்னாங்க, நான்தான் அழிக்காம வெச்சுட்டேன். அவங்களுக்கே தெரியாமக் கோயம்புத்தூர்ல மாட்டினேன். தண்டிக்கறதுன்னா என்னைத்தான் தண்டிக்கணும்."

அவர் மோர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஓகோ. அது கம்ப்யூட்டர்ல செஞ்சதுன்னில்ல சொன்னாங்க?"

அந்த இடத்தில் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அதற்குத்தான் எழுதுகிறேன் இதை.

"என் கையால எடுத்ததுங்க" என்றேன். லேப்டாப்பைத் திறந்தேன். ஒரிஜினல் ஃபைலைக் காட்டினேன். எந்த லென்ஸ், எவ்வளவு வெளிச்சம், எத்தனை மணி எத்தனை நிமிஷம் எல்லாம் பக்கத்தில் எழுதியிருக்கும். ஒவ்வொன்றாக விளக்கினேன். வெளிச்சம் கவசத்தில் பட்டு எப்படி மேலே ஏறியது என்று கையைக் காட்டிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ரொம்ப நல்லா எடுத்திருக்கீங்க."

"நன்றிங்க."

"சனிக்கிழமை ஆறாம் தேதி. வெள்ளிக்கிழமையும் அங்க இருந்தாங்களா?"

"மூணு நாளும்ங்க. அவங்க இல்லாட்டி என் கடைக்குக் கூட்டமே..."

ஒரு காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். அப்போதுதான் எனக்குக் காய்ச்சல் லெட்டர் ஞாபகம் வந்தது. மோரில் உப்பு அதிகம்.

வெளியே வரும்போது வராண்டாவில் விடைத்தாள் கட்டோடு தமயந்தி வந்துகொண்டிருந்தாள். காட்டன் புடவை, கழுத்தில் அடையாள அட்டை. என்னைப் பார்த்தாள். என் கையில் இருந்த லேப்டாப்பைப் பார்த்தாள். நான் வந்த கதவைப் பார்த்தாள். கட்டை மார்போடு இறுக்கிக்கொண்டு சுவர் ஓரமாக நின்று எனக்கு வழி விட்டாள்.

டிசம்பர் 24, புதன், சேலம்

ரெஜினா வேலையை விட்டுவிட்டாள். நாளை அவளுக்குப் பண்டிகை. துணி எடுக்கப் பணம் கொடுத்தேன், வாங்கவில்லை.

"எதுக்குண்ணா அங்க போனீங்க?"

"அவளுக்காகத்தாம்மா. உண்மையைச் சொல்லிட்டா..."

"பேசாதீங்கன்னு ஒண்ணுதானே கேட்டாங்க. நீங்க அவங்களுக்காகப் போகலண்ணா. ஏ.ஐ.ன்னு சொன்னாங்கல்ல, அது உங்களுக்குப் பொறுக்கல."

சம்பளம் ஏற்றிக் கேட்கத்தான் இப்படிப் பேசுகிறாள் என்று முதலில் நினைத்தேன். ஏற்றித் தருகிறேன் என்றேன். சாவியை மேஜையில் வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

ஆறு வருடம். போகட்டும்.

ஜனவரி 2, வெள்ளி

தமயந்தியை ராஜினாமா எழுதித் தரச் சொல்லி வாங்கிவிட்டார்களாம். ரெஜினா போனில் ஒரே வரி அனுப்பியிருந்தாள்: 'பொய் லெட்டர் குடுத்ததுக்கு, பொய் சொன்னதுக்கு. வேஷத்துக்கு இல்லையாம்.'

அம்சாவிடம் காட்டினேன். படித்துவிட்டு, காய்ந்த துணி எடுக்க மாடிக்குப் போனாள். வெகுநேரம் இறங்கி வரவில்லை.

ஜனவரி 10, சனி, பெங்களூர்

இங்கே டிசம்பரிலேயே இடம் பதிவு செய்திருந்தேன். தனியாகத்தான் வந்தேன். கேன்வாஸைக் கொண்டுவரவில்லை. லைட், பிரிண்டர், எல்லாம் ஒழுங்காக வைத்தேன்.

பதினோரு மணி வரை ஒருவரும் வரவில்லை. நான் போய்க் கேட்டேன். முறைப்படி, ஒவ்வொருவராக, தொடாமல். ஒவ்வொருவரும் மரியாதையாக "வேண்டாம் சார்" என்றார்கள். அரங்கின் மறுகோடியில் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்த புது ஆட்களிடம் போனேன். அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

மத்தியானம் தினேஷ் பிரபு வந்தான். பின்னால் முப்பது நாற்பது பேர்.

"சார், உங்களைப் போகச் சொல்லல. காசு கட்டி இடம் எடுத்திருக்கீங்க, இருங்க. படமும் எடுங்க."

"தம்பி, நான் வேணும்னு..."

"நாங்க திரும்பி நிக்கறோம், அவ்ளோதான்."

நின்றார்கள். என் கடைக்கு முன்னால், வரிசையாக, முதுகைக் காட்டிக்கொண்டு. சத்தம் இல்லை, வசவு இல்லை. ஒரு முதுகு போனால் இன்னொரு முதுகு வந்து நின்றது. தினேஷ் பிரபுவும் சிறகைக் காட்டித் திரும்பிக்கொண்டான்.

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்குத் தெரியாது. எடுத்தேன். பின்பக்கத்தில் யாரும் பெயின்ட் அடிப்பதில்லை போல. யோகா பாயின் நீல நிறம் அப்படியே இருந்தது. சேஃப்டி பின், செல்லோ டேப், அவசரத்தில் போட்ட தையல், உள்ளாடைப் பட்டை, வியர்த்து நனைந்த பனியன். முன்னாலிருந்து பார்க்க ராஜா ராணி. அவர்கள் மறைக்க நினைப்பது இவ்வளவும் என் எதிரில் இருந்தது. மறைக்கவில்லை. என்னிடம் இருந்து மறைத்தது முகத்தை மட்டும்.

நூற்றுப் பதினெட்டு படம். நாலு மணிக்குக் கடையைக் கட்டினேன்.

ஜனவரி 13, செவ்வாய்

நாளை மறுநாள் பொங்கல். ஒட்டடை அடித்தேன். கேன்வாஸ் பீரோவுக்குப் பின்னால் நிற்கிறது. அதைத் தூக்கிப் போடுங்கள் என்கிறாள் அம்சா. ஆறடிச் சட்டம், எங்கே போடுவது.

ஜனவரி 19, திங்கள்

தை முதல் முகூர்த்த வேலைக்கு ஆள் பேசிக்கொண்டிருந்தபோது தமயந்தியின் போன்.

இந்த ஒரு மாதத்தில் அவளிடம் என்ன பேசுவது என்று பல விதமாக யோசித்து வைத்திருந்தேன். எனக்குத் தெரிந்த இரண்டு பள்ளிக்கூட நிர்வாகிகள் சேலத்தில் இருக்கிறார்கள். அதைத்தான் முதலில் சொன்னேன்.

"வேணாம் சார். வீட்ல டியூஷன் எடுக்கறேன். அந்தப் படத்தை அனுப்பறீங்களா? வாட்ஸ்அப்ல வேணாம், ஒரிஜினல்."

"எதுக்கும்மா?" என்றேன். வக்கீல் யாராவது கேட்கச் சொல்லியிருப்பார்கள் என்று உடனே மனசு போயிற்று. இருந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

"எல்லார்கிட்டயும் இருக்கு. என்கிட்டதான் இல்ல."

அவளுக்குப் பின்னால் ஏதோ ஒரு பிள்ளை பதினேழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. நடுவில் தப்பாகச் சொன்னது. அவள் போனைத் தள்ளி வைத்து, "நூத்திரண்டுக்கு அப்புறம் என்ன?" என்றாள். அப்புறம் என்னிடம் திரும்பி, "இதுவரைக்கும் நான் அதைச் சரியாப் பாக்கவே இல்ல சார். பாத்தப்பல்லாம் வேற யாரோன்னு சொல்ல வேண்டியிருந்தது" என்றாள்.

அனுப்புகிறேன் என்றேன்.

ஜனவரி 20, செவ்வாய்

காலையில் ஒரிஜினலை மெயிலில் அனுப்பினேன். அனுப்பியபிறகு கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தேன். முதல் கார்டைப் பார்த்தேன், இரண்டாவது கார்டைப் பார்த்தேன், ஹார்ட் டிஸ்கைப் பார்த்தேன், எல்லாவற்றிலும் அழித்தேன். கேன்வாஸைச் சட்டத்திலிருந்து பிரித்து அம்சாவும் நானும் கத்தரியால் துண்டு போட்டோம். தமயந்தி முகம் இருந்த பக்கத்தை அம்சா வெட்டினாள்.

மத்தியானம் பதில் வந்திருந்தது.

'நான் இவ்ளோ சந்தோஷமா இருந்திருக்கேனா சார்.'

கேள்விக்குறி போடவில்லை. பதில் எழுத மூன்று தடவை ஆரம்பித்தேன். ஆமாம் என்று எழுதினேன், அழித்தேன். மன்னிப்பு என்று எழுதினேன், அழித்தேன். வெளிச்சத்தைப் பற்றி ஒரு வரி வந்தது. அதைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஜனவரி 21, புதன்

புது ஆள் யாரும் இன்னும் கிடைக்கவில்லை. ஸ்டுடியோவில் நானே நிற்கிறேன்.

பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஒரு பெண் வந்தாள், கல்லூரி முடித்தவள், வெளிநாட்டு வேலை. ஸ்டூலில் உட்கார்ந்ததும் என்னவோ நினைத்துக்கொண்டு சிரித்தாள். நல்ல சிரிப்பு.

"சிரிக்கக் கூடாதும்மா" என்றேன். "படத்தைத் திருப்பி அனுப்பிருவாங்க."

வாயை மூடிக்கொண்டாள். எடுத்தேன்.